சோழியும் நிலவும்: ஒரு கணிப்பு எப்போது உண்மையாகிறது?

புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கி, நகர்த்தி, மீண்டும் அடுக்குகிறார். ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. கவனித்துக் குறிப்பெடுப்பவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தை 1805 முதல் 1811 வரை பொறுப்பேற்று நடத்தியவர். கணக்குக்கு எடுத்துக்கொண்டது 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணம். வாரனின் ‘காலசங்கலித’ நூல் அதே ஆண்டில் சென்னையில் அச்சானது. அதில் சாமி நாடன் சாஷியா என்று பெயர் பதிவாகியிருக்கும் அந்தக் கணிதர் வாய்பாடுகள் அனைத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார். எண்களுக்குப் பதிலாகச் சோழிகள் நின்றன. சித்தாந்த நூல்களின் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். ஆனால் கணக்கின் ஒவ்வொரு படியும் அவர் மனத்திலும் தரையிலும் பிசகாமல் நின்றது என்றும் சேர்த்தே எழுதுகிறார்.

கிரகணம் வந்தது. அது தொடங்கிய நேரத்துக்கும் சோழிகள் சொன்ன நேரத்துக்கும் வித்தியாசம் 4 நிமிடம்.

உலகம் எப்படி இருக்கிறதோ அப்படிச் சொல்வதே உண்மை என்ற எண்ணம் மிகப் பழையது. அரிஸ்டாட்டில் அதை ஏற்றார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அறிவும் பொருளும் ஒன்றுக்கொன்று ஈடாவதாக அதை விளக்கினார். நம் நாட்டு நியாய மரபும் பொருளை அதன் இயல்பு மாறாமல் அறிவதையே மெய்யறிவு என்றது. ‘மழை பெய்கிறது’ என்பது போன்ற ஒற்றைக் கூற்றுக்கு இந்த விளக்கம் போதும். வாசலுக்குப் போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் அறிவியல் நமக்குத் தருவது ஒற்றைக் கூற்றுகளை அல்ல, மாதிரிகளை. விதிகள், எண்கள், படங்கள், ஊகங்கள் எல்லாம் சேர்ந்த கட்டு அது. அந்தக் கட்டு முழுவதும் உலகத்தோடு பொருந்துகிறது என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? தரையில் கிடந்த சோழிகள் எதனோடு பொருந்தின?

இதற்கு விடை காண அந்தக் கணக்கின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் மொத்தம் 248. ஒவ்வொன்றும் சில எழுத்துகளே கொண்ட சமஸ்கிருதத் தொடர். கடபயாதி முறையில் எழுத்தை எண்ணாக மாற்றினால், அந்த நாளில் நிலவு எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பது ராசி, பாகை, கலையாகக் கிடைக்கும். முதல் வாக்கியத்தின் மதிப்பு 12 பாகை 3 கலை. நிலவின் சராசரி நகர்வு நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை 11 கலை. பூமியை விட்டு மிகத் தொலைவில் மிக மெதுவாகச் செல்லும் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவதால்தான் முதல் நாளில் இவ்வளவு குறைவு. கடைசி வாக்கியத்தின் மதிப்பு 27 பாகை 44 கலை. அதாவது 248 நாளில் நிலவு வானை 9 முறை முழுதாகச் சுற்றி முடித்து, அதற்கு மேலும் இவ்வளவு தூரம் போயிருக்கும். இன்றைய அளவீடுகளை வைத்து நாமே பெருக்கிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே மதிப்புதான் வருகிறது.

ஏன் 248? நிலவு தன் மெதுவான இடத்தை விட்டுக் கிளம்பி மீண்டும் அங்கே வந்து சேர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. அப்படி 9 சுற்று சென்றால் 247.99 நாள், முழு எண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மிஞ்சும் சிறு பிழையைச் சரிக்கட்ட இன்னும் பெரிய சுழற்சிகள் உண்டு: 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12372 நாள். கலியுகத் தொடக்கத்திலிருந்து ஓடிய நாள்களிலிருந்து இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சும் எண், எந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று காட்டும். சோழிகள் செய்த வேலை இதுதான்.

இந்தக் கணக்கில் நிலவின் பாதை எங்கும் இல்லை. அது வட்டமா நீள்வட்டமா, நிலவை எது இழுக்கிறது என்ற கேள்விகளே எழுவதில்லை. ஓட்டோ நியூகெபவர் 1952இல் ஒசிரிஸ் ஆய்விதழில் தமிழ் வானியலைப் பற்றி எழுதியபோது, இந்த முறையின் வேர்களைப் பாபிலோன் வரை தொடர்ந்து சென்றார். 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளில் இருக்கிறது. புதுச்சேரித் தரையிலும் இருந்தது. அந்த மக்கள் வானத்தைப் பற்றிக் கொண்டிருந்த நம்பிக்கைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஒருவர் நிலவில் தெய்வத்தைக் கண்டார், இன்னொருவர் வட்டத்தின் மேல் வட்டத்தை ஏற்றினார். எண் மட்டும் எல்லையும் மொழியும் கடந்து வந்தது. அதைத் தாங்கி நின்றது எவருடைய நம்பிக்கையும் அல்ல, நிலவின் போக்கு.

ஆகவே பொருத்தம் என்பதைச் சாயல் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. ரயில் நேர அட்டவணை ரயிலைப் போல இருப்பதில்லை. ஆனாலும் அது சரியாகவோ தவறாகவோ இருக்க முடியும். வாக்கியங்களும் அப்படித்தான். ‘இத்தனையாம் நாள் நிலவு இங்கே இருக்கும்’ என்பது அவை முன்வைக்கும் கூற்று. அந்தக் கூற்று வானத்தோடு பொருந்தும் அல்லது பொருந்தாது. அதற்கு அப்பால் அவை எதையும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்கு அவற்றைப் பொறுப்பாக்கவும் முடியாது.

இனி அந்த 4 நிமிடத்துக்கு வருவோம். தொடக்க நேரத்தில் 4 நிமிடம் பிழைத்த அதே கணக்கு, கிரகணத்தின் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழைத்தது. தொடக்கத்தின் பிழை ஒரு பக்கம். நடு, முடிவு இரண்டின் பிழைகளும் எதிர்ப்பக்கம். இதை உற்றுப் பார்த்தால் இரண்டு தனித்தனித் தவறுகள் தெரிகின்றன. கிரகணத்தின் நடு நேரம் அரை மணிக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்திருக்கிறது. கிரகணம் நீடிக்கும் நேரத்திலும் மொத்தம் 56 நிமிடத் தவறு. தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டன. முடிவில் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. 4 நிமிடத் துல்லியம் என்று நாம் மெச்சும் இடத்தில் இருப்பது இரண்டு பிழைகளின் கூட்டு.

இப்படிச் சொல்வதால் அந்தக் கணிதரின் மதிப்பு குறையாது. கணக்கை நடத்தியதில் அவர் எங்கும் தவறவில்லை. ஆனால் பலித்தது என்பதும் உண்மை என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

7ஆம் நூற்றாண்டின் பௌத்தத் தருக்கவாதி தர்மகீர்த்தி இதே இடத்தைத் தொட்டிருக்கிறார். ஒருவன் மாணிக்கத்தின் ஒளியைக் கண்டு, ஒளியையே மாணிக்கம் என்று எண்ணி ஓடுகிறான். மற்றொருவன் விளக்கின் ஒளியைக் கண்டு அதையும் மாணிக்கம் என்று எண்ணி ஓடுகிறான். இருவர் எண்ணமும் பொய். ஒளி மாணிக்கம் அல்ல. ஆனாலும் முதலாமவன் கைக்கு மாணிக்கம் கிடைக்கிறது. அனுமானம் பொருளை நேரே தொடுவதில்லை, ஆனாலும் ஏன் நம்மைக் கைவிடுவதில்லை என்று விளக்கத்தான் தர்மகீர்த்தி இதைச் சொன்னார். நான் இதில் வேறொன்றையும் காண்கிறேன். முதலாமவன் வெறும் அதிர்ஷ்டத்தால் வெல்லவில்லை. அவன் கண்ட ஒளி மாணிக்கத்திலிருந்தே வந்தது. அவன் எண்ணத்தில் ‘இது மாணிக்கம்’ என்ற பகுதி பொய். ‘இந்தத் திசையில் மாணிக்கம் இருக்கிறது’ என்ற பகுதி, அவன் அதைத் தனியே சொல்லாவிட்டாலும், மெய்.

1765 ஆகஸ்ட் 30 கிரகணக் கதையையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல், 1769 ஜூனில் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் அந்தக் காட்சியை இழந்தார். ஆனால் இங்கே தங்கியிருந்த காலத்தில் தமிழரின் வானக் கணக்கைப் பொறுமையாகக் கற்று ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். 1765ஆம் ஆண்டுக் கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது என்றும், ஐரோப்பாவில் பெயர்பெற்ற தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிக் காட்டியது என்றும் அவர் பதிவு செய்தார். நம் முன்னோர் ஐரோப்பியரை வென்றார்கள் என்பதற்குச் சான்றாக இந்த இரண்டு எண்களும் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகின்றன. அந்தப் பெருமிதம் எனக்கும் புரிகிறது. ஆனால் பூமியின் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. காற்று மண்டலம் அதை மங்கலாக்கிவிடுகிறது. நிழல் நிலவைத் தொட்ட கணத்தைக் கண்ணால் குறிப்பதில் ஒரு நிமிடம் முன்பின் ஆவது சாதாரணம். 41க்கும் 68க்கும் இடைப்பட்ட 27 விநாடி அந்த மங்கலுக்குள் மறைந்துவிடும். நம்மவர் கணக்கு வியப்புக்குரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வியப்பு நிலவின் சுழற்சியை 248, 3031, 12372 என்று பிடித்ததில் இருக்கிறது. ஒரு இரவின் 27 விநாடியில் அதைத் தேட வேண்டியதில்லை.

எது பயன் தருகிறதோ அதுவே உண்மை என்று வாதிட்டவர்கள் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் 1907இல் அந்தக் கருத்துக்குப் பெரும் செல்வாக்குத் தேடிக்கொடுத்தார். நியாய மரபினர் இந்தக் குழப்பத்தை நெடுங்காலம் முன்பே பிரித்து வைத்துவிட்டார்கள். நீர் என்று அறிந்து போனேன், தாகம் தீர்ந்தது. எனவே என் அறிவு மெய்யானது என்று பின்னர் அனுமானிக்கிறேன். செயலின் வெற்றி உண்மையை அறிவதற்கான அடையாளம். உண்மை என்பதன் பொருள் வேறு: அங்கே நீர் இருந்தது என்பது. நெருப்பைப் புகை காட்டுகிறது என்பதால் புகையே நெருப்பாகிவிடாது. எனக்கு இந்த நிலைப்பாடே இன்றும் சரியென்று படுகிறது. அடையாளம் சில சமயம் ஏமாற்றும் என்பதற்குத் தொடக்கம் 4, முடிவு 52 என்ற கணக்கே சாட்சி.

கோட்பாடு தெரியாத கணிதருக்கு நேர்ந்தது, கோட்பாட்டின் உச்சியில் நின்றவருக்கும் நேர்ந்தது. யுரேனஸ் நியூட்டனின் விதிப்படி செல்ல வேண்டிய பாதையை விட்டு விலகியது. வெளியே இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று கொண்டு, அது இருக்கும் இடத்தைப் பாரிஸில் இருந்த உர்பேன் லெ வெரியே காகிதத்தில் கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. மனித அறிவின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அது. மாதிரி உலகத்தோடு பொருந்தியது என்பதற்குப் பாடநூல்கள் முதலில் காட்டும் சான்றும் அதுதான்.

பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. லெ வெரியே தன் கோளைச் சூரியனிலிருந்து சராசரியாக 36 வானியல் அலகு தொலைவில் வைத்திருந்தார். வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரம். நெப்டியூன் உண்மையில் இருப்பது 30 அலகு தொலைவில். அவர் வரைந்த சுற்றுப்பாதை நெப்டியூனின் பாதை அல்ல. ஆனால் அந்த ஆண்டுகளில் கோள் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதை யுரேனஸின் விலகலே இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. தொலைவை அது அவ்வளவு இறுக்கவில்லை. அமெரிக்கக் கணிதர் பெஞ்சமின் பியர்ஸ் இதைக் கண்டு, கண்டுபிடிப்பே ஒரு நல்ல தற்செயல்தான் என்றுகூட வாதிட்டார். அவர் அளவு மீறினார் என்றே நினைக்கிறேன். ‘வெளியே ஒரு கோள் இருக்கிறது’ மெய். ‘இப்போது இந்தத் திசையில் இருக்கிறது’ மெய். ‘36 அலகு தொலைவில் இருக்கிறது’ பொய். ஒரே காகிதத்தில், ஒரே கணக்கில் மூன்றும் இருந்தன. மாதிரி மொத்தமாக உண்மையா பொய்யா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதைக் கொண்டு என்னென்ன சொல்கிறோம் என்று பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் உண்டு.

அதே லெ வெரியே 1859இல் புதனின் பாதையை ஆராய்ந்தார். சூரியனுக்கு மிக அருகே புதன் வரும் புள்ளி, மற்றக் கோள்களின் ஈர்ப்பால் விளக்க முடியாத அளவுக்கு நூற்றாண்டுக்கு 38 விகலை கூடுதலாக நகர்கிறது என்று கண்டார். நெப்டியூனில் வென்ற வழியையே இங்கும் நாடினார்: உள்ளே ஒரு கோள் இருக்க வேண்டும். ஓர்ஜேர் என்ற சிற்றூரின் மருத்துவர் லெஸ்கார்போ, அப்படி ஒரு கரும்புள்ளி சூரியனைக் கடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. 1877இல் லெ வெரியே இறக்கும்வரை அதன் இருப்பை நம்பினார். மறு ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது வாட்சன், ஸ்விஃப்ட் என்ற இரு தேர்ந்த வானியலாளர்கள் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். 1882இல் சைமன் நியூகோம் கூடுதல் நகர்வை 43 விகலை என்று திருத்தினார். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு, எந்தக் கோளையும் புதிதாகச் சேர்க்காமல், அதே 43ஐத் தந்தது. வல்கன் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

பொருத்தக் கொள்கைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிக வலுவானது இது: மாதிரியை உலகத்தோடு ஒப்பிட வேண்டுமானால் உலகத்தைத் தனியே எடுத்து அருகில் வைக்க வேண்டும். அது யாராலும் முடியாது. வாரனின் கடிகாரம், தொலைநோக்கி, ‘கிரகணம் தொடங்கியது’ என்ற தீர்ப்பு எல்லாமே வேறு மாதிரிகளின் மேல் நிற்பவை. கூற்றைக் கூற்றோடுதான் ஒப்பிட முடியும். எனவே உண்மை என்பது கூற்றுகள் தமக்குள் முரணின்றி இசைந்திருப்பதே. வியன்னாவின் ஓட்டோ நொய்ராத் முதல் பலர் இந்த வழியில் சென்றார்கள். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல.

ஆனால் வல்கனை அதன் முன் நிறுத்திப் பாருங்கள். 1860களில் அதற்கு எல்லா இசைவும் இருந்தது. நிரூபணமான விதி, நிரூபணமான முறை, மிகச் சிறந்த கணிதர், கண்ணால் கண்ட சாட்சி, அனைவரின் எதிர்பார்ப்பு. ஒன்றுக்கொன்று அவ்வளவு அழகாக இசைந்த கூற்றுகளின் தொகுதி அபூர்வம். இல்லாதிருந்தது ஒன்றே: கோள். பின்வந்த கிரகணங்களில் தேடித் தேடி வெறும் வானத்தைக் கண்டதுதான் அந்த இசைவை உடைத்தது. உலகத்தைத் தனியே எடுத்து மேசைமேல் வைக்க முடியாது என்பது சரி. ஆனால் அது நம் ஒப்புதலைக் கேட்காமல் நம்மை மறுக்கிறது. அந்த மறுப்பை நம் கூற்றுகளில் எதுவும் தயாரிக்கவில்லை. மறுப்புக்கு மட்டுமல்ல, உலகத்தோடு பொருந்துவதற்கும் இதே வலு உண்டு. 248 வாக்கியங்களை அமைத்தவர்களுக்கும் 1825ஆம் ஆண்டு இரவில் நிழல் நிலவைத் தொட்டதற்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்படவில்லை. அப்படியிருந்தும் இரண்டும் கிட்டத்தட்டச் சந்தித்தன என்றால், இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது ஒன்று அங்கே இருந்தது என்பதே மிக எளிய விளக்கம்.

மறுப்பு வந்தால் மாதிரியின் எந்தப் பகுதியைக் கைவிடுவது என்பதை உலகம் சொல்லாது. பியர் துயெம் இதைத் திறம்பட எடுத்துக் காட்டினார். யுரேனஸ் விலகியபோது விதியைக் காத்துப் புதிய கோளைச் சேர்த்தது சரியாகப் போனது. புதன் விலகியபோது அதையே செய்தது தவறாகப் போனது. 1859இல் நின்றுகொண்டு இவ்விரண்டையும் தருக்கத்தால் மட்டும் யாராலும் வேறுபடுத்தியிருக்க முடியாது. இது நம் அறிவின் எல்லையைக் காட்டுகிறது. புதனுக்கு உள்ளே கோள் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடையே இல்லை என்று இதனால் ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் வீட்டுக்குள் வருகிறது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்ப ராசிக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றுக் கோயிலில் பெயர்ச்சி விழா நடந்தது அந்த நாளில்தான். நடுவே பதினொரு மாதம். அந்த டிசம்பர் மாலையில் சனி வெறும் கண்ணுக்கே தெரிந்தது. திருக்கணிதக் கணக்கில் அது கும்பத்தின் தொடக்கத்தைத் தாண்டி ஏறக்குறைய 8 பாகை போயிருந்தது. முழுநிலவின் அகலம் அரைப் பாகை என்பதால், பதினாறு நிலவுகளை வரிசையாக வைத்த தூரம். ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதில் இரு முறைகளுக்கும் சிறு வேறுபாடு உண்டு; அது 8 பாகையை ஈடுகட்டாது.

எந்தப் பஞ்சாங்கம் உண்மை என்று ஆண்டுதோறும் சச்சரவு நடக்கிறது. இங்கே இரண்டு வெவ்வேறு கூற்றுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ‘இன்று பெயர்ச்சி விழா’ என்பதை உண்மையாக்குவது கோயிலின் மரபு. மரபு அந்த நாளை விதித்திருப்பதே போதும். விழா தவறான நாளில் நடந்தது என்று வாதிடுபவர் அந்தக் கூற்றின் இயல்பைக் கவனிக்கவில்லை. ‘விண்மீன்களுக்கு நடுவே சனி இன்று இந்த இடத்தில் இருக்கிறது’ என்பது வேறு வகைக் கூற்று. அதை எந்த மரபும் உண்மையாக்க முடியாது, எத்தனை தலைமுறை பின்பற்றினாலும். இந்த இரண்டாவது கூற்றில் வாக்கியக் கணக்கு இன்று பிழைபட்டிருக்கிறது. அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

நிலவின் கணக்கு நிமிடங்களில் தவறும்போது சனியின் கணக்கு மாதக்கணக்கில் தவறுவதற்குக் காரணமும் இருக்கிறது. நிலவின் கணக்கைக் கிரகணங்கள் ஊரறியச் சோதித்துக்கொண்டே இருந்தன; சூரியன் மறைவதும் நிலவு கறுப்பதும் யார் கண்ணுக்கும் தப்பாது. சனி ஒரு சுற்று வர சுமார் 29 ஆண்டு 6 மாதம் ஆகிறது. அதன் சராசரி வேகத்தில் மிகச் சிறிய பிழை இருந்தாலும் அது நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்துகொண்டே போகும். அதைப் பிடிக்க யாராவது வேலைமெனக்கெட்டு வானத்தைப் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்கள் இந்த மரபுக்குள்ளேயே இருந்தார்கள். கேரளத்துப் பரமேஸ்வரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, பழைய பரகிதக் கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி ‘ஜோதிர்மீமாம்சை’யில் இதற்கான நியாயத்தை விரிவாக எழுதினார். ஆரியபடருக்குப் பிரம்மனே அருளிய கணக்கை மனிதர் திருத்தலாமா என்ற தடையை அவர் நேரே எதிர்கொள்கிறார். தெய்வ அருள் அறிவைத் தெளியவைக்கும், அவ்வளவே. பிரம்மனோ சூரியனோ நேரில் வந்து கணக்குச் சொல்லித் தருவதில்லை என்பது அவர் பதில். கிரகணங்களை வைத்துச் சித்தாந்தங்களைச் சோதிக்க வேண்டும், ஒட்டாத இடத்தில் திருத்த வேண்டும், அந்தத் திருத்தமும் காலப்போக்கில் விலகும் என்பதால் பின்வருபவர்கள் மீண்டும் பார்த்து மீண்டும் திருத்த வேண்டும் என்று அவர் தொடர்கிறார்.